இரவுக்கு இரட்டை அளவு

வந்ததும் நோயைப் பற்றிக் கேட்கவில்லை அந்த நர்ஸ்.
மோட்டார் சைக்கிளை வாழைமரத்தில் சாய்த்தாள்,
செம்மண் அப்பிய பூட்ஸை வாசலில் கழற்றினாள்,
உன் செல்லப்பெயர் என்ன என்றாள்.
எங்கள் டோரோ வழக்கம் அது.
அதைக் கேட்காமல் யாரும் யாரிடமும் பேச்செடுப்பதில்லை.
"அராலி" என்றேன் நான்,
நீ பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாய்.
"நான் அட்வோக்கி" என்றாள்.
அப்புறம்தான் கையை நீட்டினாள்:
மூடிய கை என்றால் வலியே இல்லை,
ஐந்து விரலும் விரிந்தால் இதற்கு மேல் வலி கிடையாது.
இப்போது எத்தனை?
நீ இரண்டு கையையும் விரித்தாய்.

பதினெட்டு வருஷம்
தேயிலை மூட்டை ஏற்றிய முதுகு.
அதுதான் காரணம் என்றாய், நானும் நம்பினேன்.
பெரியாஸ்பத்திரியில் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
டாக்டர் காட்டினாரே,
இடுப்பெலும்பில், முதுகுத்தண்டில்
வெள்ளை வெள்ளையாக,
சுவரடிக்கிறவன் சுண்ணாம்பைச் சிதறவிட்டதுபோல.
அதற்குப் பிறகு
நான் கட்டில் ஓரம் உட்கார்ந்தால் அலறினாய்.
இருமினால் அலறினாய்.
தரையில் பாய் விரித்துக்கொண்டேன்.

தண்ணீர் பாட்டிலில் இளஞ்சிவப்பாக
மார்ஃபின்.
சாகப்போகிறவனுக்குத்தானே இதைக் கொடுப்பார்கள் என்றான் உன் தம்பி குகோன்சா.
அடிமையாகிவிடுவார் என்றாள் ஜெபக்கூட்டத்துக்காரி.
பசிக்கிறவன் என்ன, கேழ்வரகுக் களிக்கு அடிமையா?
கேட்டுவிட்டேன்.
அவள் அதன்பின் வரவில்லை.

நம் வீட்டில் கடிகாரம் ஏது.
தோட்டத்துச் சங்கு ஊதினால் ஒரு அளவு.
தேயிலை லாரி மேடேறும்போது ஒன்று.
பள்ளிக்கூடம் விட்டு
பிள்ளைகள் கத்திக்கொண்டு போகும்போது ஒன்று.
விளக்கேற்றினால் ஒன்று.
ரேடியோவில் பத்துமணிச் செய்திக்கு மட்டும் இரண்டு,
நடுராத்திரியில் எழுப்ப வேண்டாமே என்று.
குளிப்பாட்டுவதற்கு அரைமணி முன்னால்
கொஞ்சம் கூடுதல்.
மலம் இறுகும்,
பப்பாளி விதையைக் காயவைத்து இடித்து வை என்றாள் அட்வோக்கி.
இடித்தேன். இதையெல்லாம் யாரிடம் சொல்வது,
நீ வெளிக்குப் போன அன்று
பண்டிகை மாதிரி இருந்தது எனக்கு.

முதல் மூன்று நாள் தூங்கினாய், தூங்கினாய்.
மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்தேன்.
நாலாம் நாள் கண்ணைத் திறந்து
"கஞ்சியில் சர்க்கரையே இல்லையே" என்றாய்.
ஆறு வாரத்துக்குப் பிறகு
வலியல்லாத ஒன்றைக் குறை சொன்னாய்.
அடுப்படிக்குப் போய்
சர்க்கரை போடாமலே
இன்னொரு குவளை கொண்டுவந்தேன்.

மழையில் பாலம் போன வாரம் மட்டும்
அட்வோக்கி வரவில்லை.
பாட்டிலில் நான் கரியால் போட்ட கோடுகள்
ஒவ்வொன்றாகக் காலியாயின.
கடைசியில் தண்ணீர் விட்டுக் குலுக்கி
அதையும் புகட்டினேன்.
அன்றிரவு உன் விரல்கள்
ஒன்றன்பின் ஒன்றாக விரிவதை
விளக்கை வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன்.
விடிந்ததும் இடுப்பளவு ஓடையில்
பாட்டிலைத் தலைக்குமேல் பிடித்தபடி வந்தாள்.
அவளைத் திட்டவும் செய்தேன், கட்டியும் பிடித்தேன்.

குணமாகாது என்பதை அவள் மறைக்கவில்லை.
கையைப் பிடித்துத் தூக்காதே, எலும்பு முறியும் என்றும் சொன்னாள்.
எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை.
நீ கேட்டாயோ என்னவோ,
நான் விறகெடுக்கப் போயிருந்தபோது.

நேற்றிரவு இருட்டில் கட்டில் கிறீச்சிட்டது.
பதறிப்போய்த் தீப்பெட்டியைத் தடவினேன்.
நீ அலறவில்லை.
தூக்கத்திலேயே
சுவர்ப் பக்கமாகப் புரண்டு படுத்திருந்தாய்,
நீயாகவே.
இந்தப் பக்கம்
பாதிக் கட்டில் காலியாகக் கிடந்தது.

தீக்குச்சி விரலைச் சுடும்வரை நின்றேன்.
அப்புறம் மெதுவாக,
முதலில் ஒரு முழங்காலை வைத்து,
கயிறு முனகாதபடி
ஏறிப் படுத்தேன்.