பதின்மூன்றாவது சாவி

பன்னிரண்டு கதவு, பன்னிரண்டு பூட்டு.
ஒன்றின் சாவி இன்னொன்றில் சுற்றக் கூடாது
என்று எழுதியனுப்பியிருந்தார்
ஏழையர் விடுதிக் கண்காணிப்பாளர் ஸ்டாக்டேல்.
பூட்டுக்கு ஏழு பென்னி.

நான் கெசியா. வில்லன்ஹாலில்
அரம் பிடிக்கிற பெண்களில் ஒருத்தி.
வலத்தோள் ஏறி, இடத்தோள் இறங்கி,
பட்டறை எனக்குத் தைத்த சட்டை இது.

உள்ளே பெரிய ரகசியமெல்லாம் இல்லை.
ஒரு தாழ். அதை அழுத்திப் பிடிக்க ஒரு வில்.
அங்கே போகிற வழியில்
வட்டமாய் நட்ட தகட்டு வேலிகள்.
வேலி நிற்கும் இடத்திலெல்லாம்
சாவியின் நாக்கில் ஒரு வெட்டு இருந்தால்
உரசாமல் சுற்றிவந்து
வில்லைத் தூக்கித் தாழைத் தள்ளும்.
டக்.
எதை அராவி எறிவது என்று தெரிந்தவள்
சாவி செய்கிறாள்.

பன்னிரண்டுக்கும் வேறு வேறு வேலி வைத்தேன்.
ஒன்றில் சிலுவை, ஒன்றில் கொக்கி,
ஒன்பதாவதில் என் எரிச்சலின் கோணல்.
நாலாவது, பெண்கள் கூடத்துக்கு.
உள்ளே என் தங்கை டார்கஸ்.
ஒன்பதாவது, பிள்ளைகள் கூடத்துக்கு.
உள்ளே அவள் மகன் ஜேபஸ், மூன்று வயது.
ஞாயிறுதோறும் கால் மணி நேரம் பார்க்கலாம்,
ஸ்டாக்டேல் மனசு வைத்தால்.

நாலாவதுக்கு மட்டும்
உட்புறமும் ஒரு துளை வைத்தேன்,
மேலே சின்ன மூடித் தகடு.
அதற்குக் கூலி கேட்கவில்லை.

சனிக்கிழமை இரவு, என் காசில் வாங்கிய மெழுகுவர்த்தி.
இன்னொரு சாவியை எடுத்தேன்.
நாலாவது வேலிக்கு வழிவிட்டு அராவினேன்,
ஒன்பதாவதுக்கு வழிவிட்டேன்,
அப்புறம் கை நிற்கவில்லை.
மிஞ்சியது ஒரு தண்டு, நுனியில் ஒற்றைப் பல்.
பட்டினி கிடந்து இளைத்தது
எந்த இடுக்கிலும் நுழையும்.

ரொட்டிக்குள் வைத்தனுப்புவதெல்லாம் கதை.
பூட்டு மாட்டப் போன அன்று
தரை தேய்த்துக்கொண்டிருந்தாள் டார்கஸ்.
அழுக்குத் தண்ணீர் வாளியைத் தாண்டும்போது
கையை நழுவவிட்டேன்.
அவள் நிமிரவில்லை.

திறந்த பல்தான் திரும்பப் பூட்டும்.
அதை அவளுக்கு நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மார்ச்சில் கடிதம் வந்தது.
பூட்டுகள் உறுதி. எதுவும் உடையவில்லை.
காலையில் எண்ணினால் தலைகள் சரியாக இருக்கின்றன.
பிள்ளைகள் கூடத்தில் இரவு அழுகைகூடக்
குறைந்திருக்கிறதாம்,
பூட்டுக்காரியிடம் அதை ஏன் சொன்னாரோ.
இன்னும் ஆறு வேண்டும்.

எட்டு பென்னி ஆகும் என்று எழுதினேன்.