இரண்டு மாதம் நகர்த்த வேண்டாம்

நவம்பர் மூன்றாம் வாரம்
லாஹ்தி நகரப் பேருந்துப் பணிமனைக்குத்
தபாலில் வந்தன பதினான்கு கறுப்பு டப்பாக்கள்.
ஷூ பாலிஷ் டப்பா அளவு.
ஆட்டினால் சத்தமில்லை, மோந்தால் வாசமில்லை.
உள்ளே நகத்தளவு பிளாஸ்டிக் துண்டு.
அவ்வளவுதான் கருவி.

பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று
என் சட்டையில் தைத்திருப்பதால்
நான்தான் அறை அறையாகப் போனேன்.
கேமரா இருக்கிறதா என்றார்கள் மெக்கானிக்குகள்.
கிறிஸ்துமஸ் வாரத்தில் யாரோ
ஒன்றுக்குச் சிவப்புக் கம்பளிக் குல்லாய் மாட்டியிருந்தார்கள்.
கழற்றினேன்.
மூச்சு முட்டும், என்றேன். சிரித்தார்கள்.

இந்த ஊர் ஒரு சரளைமேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது,
பனியாறு உருகிப் போகையில்
கொட்டிவிட்டுப் போனது.
குளிர்காலத்தில் சூடேறிய கட்டடம்
எலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சுவது போல
காலடி மண்ணை உறிஞ்சும்.
மேலே வருவது ரேடான்.
நாலு நாளுக்குள் பாதி செத்துவிடும்.
சாகும்போதுதான் குத்தும்.

உதிரிபாகக் கிடங்கில் ஓய்வா.
பைப் புகைப்பதற்காக
மைனஸ் இருபதிலும் ஜன்னலை ஒரு சாண் திறந்துவைப்பவர்.
வெப்பம் வீணாகிறது என்று
மூன்று முறை எழுத்தில் கண்டித்திருக்கிறேன்.
சுவருக்கு அந்தப்பக்கம் சம்பளப் பிரிவு:
ரயிலி ஹக்கரைனென்,
இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி.
டப்பாவைச் சுற்றித் தூசி தட்டுவாள்,
டப்பாவைத் தொடமாட்டாள்.

ஜனவரியில் மூடி ஒட்டி அனுப்பினேன்.
ஆய்வகத்தில் பிளாஸ்டிக்கைக் காரத்தில் வேகவைப்பார்களாம்.
ஒவ்வொரு அணுவின் கடைசி உதையும்
அதில் ஒரு குழியாகத் திறக்குமாம்.
யாரோ ஒருத்தர் உட்கார்ந்து எண்ணுவார்.

எண்ணினார்.
பழுதுபார்க்கும் கொட்டகை, நூற்று நாற்பது.
ஓய்வாவின் கிடங்கு, தொண்ணூற்றைந்து.
ரயிலியின் அறை, ஆயிரத்து எண்ணூற்று எழுபது.
முந்நூறு தாண்டக்கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன்
மின்கட்டணம் கழுத்தை நெரித்த குளிர்காலம்.
டேப்பும் நுரைப்பட்டையும் வாங்கிவந்து
அந்த ஜன்னல் விளிம்பை ஒரு மயிரிழை விடாமல் ஒட்டியது நான்.
சுவரின் காற்றுத்துளையில் பஞ்சு திணித்ததும் நான்.
என்ன கதகதப்பு, என்று
காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்தாள்.
இரண்டு துண்டு தின்றேன்.

தாளை நீட்டியபோது
ஏதோ பிடித்தம் என்று நினைத்திருப்பாள்;
கண்ணாடியை மாட்டினாள்.
இது எதன் கணக்கு?
ஒரு கனமீட்டர் காற்றில்
நொடிக்கு இத்தனை உடைகின்றன, என்றேன்.
கால்குலேட்டரை இழுத்தாள்.
நொடி, மணி, எட்டு மணி,
வாரம், விடுப்பு நாட்கள் கழித்து...
மிகைநேரத்தைக் கூட்டியவள்
சமக்குறியை அழுத்தாமல்
கருவியைக் கவிழ்த்துவைத்தாள்.

நீ ஒட்டியதற்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும்?

அதற்கு டப்பா இல்லை, ரயிலி.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.
எழுந்துபோய் நகத்தால் டேப்பின் முனையைத் தேடினாள்.
அது பெயிண்டையும் சேர்த்துக்கொண்டு வந்தது.
நான் ஸ்டூலில் ஏறிப் பஞ்சைப் பிடுங்கினேன்;
உள்ளே கறுத்துப்போயிருந்தது.

குழாயும் விசிறியும் பொருத்த
பிப்ரவரி கடைசியில்தான் ஆள் வருவான்.
அதுவரை மாடியில் ஒரு மேஜை காலி என்றேன்.
வெளிக்குளிர் உள்ளே இறங்கி
சம்பளச் சீட்டுகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.
சுவருக்கு அப்பாலிருந்து ஓய்வாவின் இருமல்.
அவர் பைப்பைப் பற்றியும்
ஒருநாள் பேசத்தான் வேண்டும்.

ரயிலி கோட்டை மாட்டிக்கொண்டு
அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.
நாளைக்குச் சம்பள நாள், என்றாள்.