பி.ஏ.

தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்.
என் அடையாள அட்டையில் இருக்கும் பி.ஏ.வை
வார்டில் பலர் பட்டம் என்றே படிக்கிறார்கள்.
"எந்த சப்ஜெக்ட்மா, வரலாறா?" என்றார்
பதினோராம் படுக்கை ஏகாம்பரம்.
இல்லை ஐயா, கால்.

பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள்:
எந்த மந்திரிக்கு?
அப்பா சிரித்துவிட்டார்.
அவர்கள் போனபின் நெடுநேரம்
தட்டிலிருந்த பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
இரண்டு முறை நீட் எழுதியவள்,
இருபத்தொரு மார்க்கில் டாக்டர் ஆகாதவள்
என்று சொல்லத் தெரிகிறது வீட்டில்.
ஆனவள் என்ன என்று
இன்னும் ஒரு சொல் அமையவில்லை.

கொரட்டூரில் நாலு ஐம்பது வண்டி.
பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நிற்கும்
அந்தப் பாழாய்ப்போன பத்து நிமிடத்தில்
சாப்பாட்டுப் பையின் காதில்
நூல் கட்டி முடிச்சுப் பழகுவேன்.
ஒரு கையால், கண் பார்க்காமல்.
எதிர் சீட்டுப் பூக்காரம்மா ஒருநாள்
என் விரல்களையே பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"நம்ம தொழிலா?"

போன செவ்வாய்
மேலே அவர்கள் ஏகாம்பரத்தின் நெஞ்சைத் திறந்தார்கள்.
கீழே எனக்கு அவருடைய கால்.
29சி-யில் முப்பது வருஷம்
முன் வாசலுக்கும் பின் வாசலுக்கும்
டிக்கெட் டிக்கெட் என்று நடந்த கால்.
கணுக்காலின் உள்பக்கம், எலும்புக்கு முன்னால்
ஒரு விரல் தள்ளிக் கீறினால்
அங்கே படுத்திருக்கும் அந்த நரம்பு,
மழை விட்டதும் வெளியே வரும் புழுவின் நிறத்தில்.
கிளைகளை ஒவ்வொன்றாகக் கட்டினேன்.
உப்பு நீர் ஏற்றி ஒழுகுகிறதா பார்த்தேன்.
ஓரிடத்தில் ஊசிமுனைச் சொட்டு.
முடியினும் மெல்லிய நூலால் அதை அடைத்தேன்.
உள்ளே வால்வுகள், ஒருவழிப் பாதை;
தலைகீழாகத்தான் கொடுக்க வேண்டும்.

"ரெடியா?"
"ரெடி சார்."

வாங்கிய கை திரும்பிப் பார்க்கவில்லை.
பார்க்கவும் கூடாது. அங்கே
ஓர் இதயத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

கேஸ் ஷீட் முழுக்க என் கையெழுத்து.
அடியில் வேறொருவர் கையெழுத்து.
தமிழில் இதுவும் ஒன்றுதான்,
என்ன செய்ய.

இன்று அவருக்கு டிஸ்சார்ஜ்.
தையல் பிரிக்க உட்கார்ந்தேன்.
"நெஞ்சு பெரிய டாக்டர், தெரியும்.
கால் யாரு?"
நான்தான் என்றேன்.
குனிந்து பார்த்தார், அவ்வளவு தூரத்துக்கும்.
"கோடு நேரா இருக்கு" என்றார்.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"ஆனா இந்த எடம் எனக்குத் தெரியலம்மா.
வேற யாரோட காலையோ தொடுற மாதிரி இருக்கு."

பஞ்சால் தொட்டேன். இங்கே?
இல்லை.
இங்கே?
இல்லை.
இங்கே?
கொஞ்சம்.
அந்த எல்லையைப் பேனாவால் குறித்தேன்.
உணர்ச்சி நரம்பு ஒன்று கூடவே ஓடும்;
எவ்வளவு பார்த்து எடுத்தாலும் சிலசமயம் அடிபடும்.
என் கை பட்டதால்தான் என்றேன்.
ஆறு மாதத்தில் திரும்பி வரலாம்,
வராமலும் போகலாம் என்றேன்.

ஏகாம்பரம் யோசித்தார்.
கோபம் வரும் என்று நினைத்தேன்.
"அப்ப சில்லறை பாக்கி" என்றார்.
"டிக்கெட் பின்னால எழுதிக் குடு.
நான் எத்தினி பேருக்கு எழுதியிருக்கேன்.
எறங்கும்போது மறந்துடுவாங்க, நான் மறக்க மாட்டேன்."

பக்கத்தில் கிடந்த கேன்டீன் ரசீதைத் திருப்பினேன்.
வலது கால், உள்பக்கம்,
நாலு விரல் அகலம், பாக்கி.
தேதி போட்டேன்.
மேலே யாரையும் கேட்காமல்
கீழே
ஜே. ஹெப்சிபா.