நீளத்தில் பார்த்தவன்

பதினோரு வருஷம் அவனுக்கு முன்னால் நின்று ஆடினேன்.
ஆட்டத்தில் அவன் முகம் எப்படியிருக்கும் என்று தெரியாது.
ஸ்டாப்பர் பேக்குக்கு கோல்கீப்பர் என்பவன்
பிடரிக்குப் பின்னால் ஒரு குரல், அவ்வளவுதான்.

"வலது தோள் பக்கம் ஒர்த்தன் கீறான்."
"உடு, என்னுது."
"மாரிஸு, தூங்காத, இன்னும் எட்டு நிமிஷம்."

ரேஷன் கார்டில் எத்திராஜுலு. மைதானத்தில் எத்தி.
கோல் கிக்கை நான்தான் எடுப்பேன்.
அவன் உதைத்தால் நடுக்கோடு தாண்டாது.
எத்தத் தெரியாத எத்தி என்று
வியாசர்பாடிப் பசங்கள் சுவரேறி உட்கார்ந்து கத்துவார்கள்.
பெரியமேட்டில் பேரம் பேசி வாங்கிய கையுறையைப்
பல்லால் இழுத்து இறுக்கிக்கொண்டு
அவனும் சிரிப்பானாம்.

பகலில் துறைமுகத்தில் பெட்டி எண்ணும் வேலை.
அந்தப் பழக்கமோ என்னமோ,
பிடித்ததை எண்ணமாட்டான்.
விட்டதெல்லாம் கணக்கில் இருந்தது.
பேசின் பிரிட்ஜில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறும்போது சொல்வான்:
நூற்றி நாற்பது, ஐசிஎஃப் மைதானம், மழை, கால் இடுக்கில்.
இருநூற்று ஆறு, கண்ணில் வெயில்.
இருநூற்று ஏழு, அதே வெயில்.

முந்நூற்றுப் பன்னிரண்டு என்னுடையது.
லீக்கில் கடைசி ஆட்டம், கடைசி கிராஸ்.
"உடு" என்றான்.
விடவில்லை.
கை தானாக மேலே போயிற்று.
பெனால்டி.
அவன் வலப்பக்கம் பாய்ந்தான்,
பந்து நடுவில் நடந்து போனது.
சும்மா நின்றிருந்தால் நெஞ்சில் பட்டிருக்கும்.
தோள் கழன்றது. அப்புறம் அவன் ஆடவில்லை.
என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
பாலத்தின் மேல் அந்த ஒரு எண்ணை மட்டும் சொல்வதில்லை.

இப்போது கோச்.
விசில் ஒன்று, பந்து ஏழு,
மாநகராட்சிப் பள்ளிப் பெண்கள் பதினாறு பேர்.
போன சனிக்கிழமை பார்க்கப் போனேன்.

எல்லைக்கோட்டில் அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.
"நீளமா பாத்தே பழகினவன் நான்.
குறுக்கால பாத்தா
ரயில் ஜன்னல் மாதிரி எல்லாம் ஓடிக்கினே கீது மாரிஸு."
சொல்லிக்கொண்டே கால் கொடிப்பக்கம் நகரும்,
கொடியைச் சுற்றி வளையும்,
கோலுக்குப் பின்னால் போய் நின்றுவிடும்.
ரெஃப்ரி இரண்டு தடவை கூட்டிவந்து விட்டார்.
மூன்றாம் தடவை மஞ்சள் அட்டை.
நாற்பது வருஷப் பந்தாட்டத்தில்
அவன் வாங்கிய முதல் அட்டை.

அவனுடைய கீப்பர் ஹெப்சிபா வாய் திறக்கமாட்டாள்.
கத்து, கத்து என்று ஆறு மாசம் இவன்தான் கத்தினான்.
பெஞ்சில் உட்கார வைத்தான்.
அந்த வாரம் நாலு கோல் வாங்கினார்கள்.
திரும்பக் கூப்பிட்டான்.
அவள் கை தட்டுவாள்.
இரண்டு தட்டு, இடது. மூன்று, ஏறு.
ஒரே தட்டு என்றால், விடு.
பேக் ஆடும் பெண்களோடு அவளாகப் பேசி வைத்துக்கொண்டது.
இவனுக்குச் சொல்லவே இல்லை.
எனக்கும் தண்ணீர்க் கேன் தூக்கும் பெண்தான் சொன்னாள்.
கைத்தட்டு கேட்க வேண்டுமென்பதற்காக
இப்போதெல்லாம் அவன் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுகிறான்.

ஒன்றுக்கு ஒன்று.
வாட்சில் மூன்று நிமிஷம் மிச்சம்.
கார்னரிலிருந்து பந்து உயர்ந்து வந்தது.
ஸ்டாப்பர் பெண் எம்பப் போனாள்.
ஒரே தட்டு.
அவள் குனிந்து விட்டாள்.

நான் அவன் பக்கம் திரும்பினேன்.
முழங்கால் மடங்கியிருந்தது.
ஒரு கை தோள் உயரத்தில்,
கழன்ற கை அதற்குக் கீழே.
உதடு அசைந்தது, சத்தம் இல்லை.

அந்த முகம்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரி வராந்தாவில்
பேர் கூப்பிடக் காத்திருப்பவனின் முகம்.

அத்தனை நிதானமான குரலுக்கு மேலே
இதுவா இருந்தது,
பதினோரு வருஷமும், என் முதுகுக்குப் பின்னால்?

பந்து எங்கே போனதென்று நான் பார்க்கவில்லை.