மூவரும் ஒருவரே

தர்மபுரம் பள்ளிக்கூடத்தில் நடமாடும் சேவை.
ஆண்டு நான்கு 'ஆ' வகுப்பு,
கரும்பலகையில் அழிபடாத ஏழாம் வாய்ப்பாடு.
வந்தவர்கள் பிள்ளைகளின் வாங்குகளில்
முழங்கால் இடிக்க இருந்தார்கள்.
படிவம் நிரப்புவது என் வேலை.

நான் வவுனியா ஆஸ்பத்திரியில் பிறந்தவள்.
பிரசாவுரிமைக்காக நான் செய்ததெல்லாம்
ஒருதரம் வீரிட்டு அழுதது.
மிச்சத்தை அப்பாவும் பதிவாளரும் பார்த்துக்கொண்டார்கள்.

அறுபத்து நான்காம் ஆண்டு ஒக்ரோபர் முப்பது தொடக்கம்
இலங்கையில் நிரந்தரமாக வசிக்கிறீரா?
அத்தாட்சி?

"அன்னிக்கு என்னா கெழம?" என்றார் பேச்சாயி.
எனக்குத் தெரியவில்லை.
"வேல நாளுன்னா கொழுந்து எடுத்திருப்பேன்.
ஞாயித்துக்கெழமன்னா துணி தொவச்சிருப்பேன்.
எங்கயும் போயிருக்க மாட்டேன்."

இதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

செக்ரோலும் லயமும் எழுபத்தேழில் எரிந்தன.
பால்மாப் பேணியைத் திறந்தார்.
உள்ளே இரண்டு பற்றுச்சீட்டுகள், நுவரெலியா நீதிமன்றம்:
அறுபத்து நான்கு ஆவணி,
தோட்டத்து விறகு திருடியது, அபராதம் ஐந்து ரூபா.
அறுபத்தைந்து மாசி,
அதே விறகு, பத்து ரூபா.

அவர் இந்த நாட்டில் இருந்தார் என்று
அரசாங்கம் எழுதிவைத்தது
திருடின இரண்டு நாட்களைத்தான்.

உத்தியோகத்தர் தவநாயகம் கண்ணாடியை இறக்கினார்.
"இடையில ஆறு மாதம்
இந்தியாவுக்குப் போய் வந்திருக்கலாமே?"

"அபராதங் கட்டவே தோட்ட வித்தேன் சார்.
கப்பலுக்கு எத விக்கிறது?"

தோடு.
தோட்டம் என்று கேட்டு
பேனையோடு ஒரு கணம் நிமிர்ந்துவிட்டேன்.

அடுத்த சிக்கல் பெயரில்.
ஒரு சீட்டில் பேச்சாய், மற்றதில் பிச்சாயி,
எனக்கு முன்னால் பேச்சாயி.
சத்தியக்கடதாசி எழுதினேன்:
மேற்படி மூவரும் ஒருவரே என
உண்மையாகவும் பயபக்தியாகவும் வெளிப்படுத்துகிறேன்.
சமாதான நீதவான் ஒப்பமிட்டார்.
பெருவிரலில் மை. அதை அவர் கழுவவில்லை.

எங்கள் வயலில் அவர்
பதினெட்டுப் போகம் கதிர் அறுத்தவர்.
அப்பா ஒருநாளும் துண்டு எழுதிக் கொடுத்ததில்லை.
கொடுத்திருந்தால் அதையும் இணைத்திருப்பேன்.
தர்மபுரத்து ஆட்களை எங்கள் வீட்டில்
என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டோம் என்பதற்கும்
படிவத்தில் கேள்வி இல்லை.
நல்லகாலம்.

சான்றிதழ் வந்த அன்று கேட்டார்,
"இத வச்சு என்னா செய்யலாம்?"
வோட்டுப் போடலாம். அடையாள அட்டை எடுக்கலாம்.
காணிக்கு உத்தரவுப் பத்திரம் கேட்கலாம்.
கடவுச்சீட்டு. அரசாங்க உத்தியோகம்.
அறுபத்திரண்டு வயதில் உத்தியோகம்!
இரண்டு பேரும் சிரித்தோம்.
"இனி உங்கள ஒருத்தரும் அனுப்பேலாது அம்மா."
"எங்க?"
"எங்கையும்."
நான் சொன்னதை
அவர் நாக்கில் வைத்துப் பார்த்ததுபோல் இருந்தது.

பரந்தன் பஸ்ஸில் ஒன்றாய் வந்தோம்.
கொண்டக்டர் காசை வாங்கிப் பையில் போட்டு நகர்ந்தான்.
அவன் சட்டையை எட்டிப் பிடித்தார்.
"டிக்கட்டு குடு தம்பி."

பேணியைத் திறந்தார்.
சான்றிதழை ஒதுக்கி அதற்கு இடம் செய்தார்.
பிறகு சந்தேகம் வந்து
என்னிடம் நீட்டினார்,
"தேதி விழுந்திருக்கா பாரு."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
விழுந்திருந்தது,
மங்கலாக.