நான்கு எழுத்து கூடுதல்

கொட்டாஞ்சேனை, மூன்றாம் மாடி.
மின்விசிறியில் படபடக்கும் பத்திரிகைகள்:
காலைத் தாள், மாலைத் தாள், ஞாயிறு வாரமலர்.
ஒவ்வொன்றிலும் இருநூறு சொல்.
எழுத்தை எண்ணுகிறேன்.
வெள்ளிக்கிழமை நாவலவில் ஒப்படைக்க வேண்டும்.

புள்ளி வைத்த மெய்யையும் சேர்ப்பதா
என்று முதல்நாளே தகராறு.
சேர், என்றாள் நிலூபா,
கையில் இறால் வடையோடு.
ஆறாம் பக்கத்தில் எண்ணெய் ஊறி
பதினேழு சொற்கள் மாதிரியிலிருந்து விலகின.

மாலைத் தாளின் சராசரி நாலு தசம் மூன்று.
அடி, வெட்டு, தீ, பஸ், விலை.
ஆமர் வீதிச் சந்தியில் கூவி விற்க
ஒரு மூச்சு போதும்.
காலைத் தாளுக்கு ஆறு தசம் எட்டு.
வாரமலரைக் கேட்காதீர்கள்,
கவிதைப் பக்கம் வளைவைக் கெடுத்துவிட்டது.

படித்தவர் தாளில் சொல் நீளம்
என்று முடிவுரை எழுதப்போனேன்.
பிறகுதான் கண்டேன், ஒரே செய்தி இரண்டிலும்.
மாலையில் 'கொன்றனர்': ஐந்து எழுத்து.
காலையில் 'கொல்லப்பட்டனர்': ஒன்பது.
கொன்றவர் எழுந்துபோன இடத்தில்
நான்கு எழுத்துகள் வந்து குந்தியிருந்தன.

அதற்கு அட்டவணையில் நிரல் இல்லை.
பென்சிலால் ஒன்று கீறினேன்.
அகற்றப்பட்டன, மறுக்கப்பட்டது, தெரியவருகிறது.
வளைவின் வலது வால் முழுக்க
ஆளில்லாத வினைகள்.

கதவுக்கடியால் ஒரு துண்டு வந்தது.
கீழ்வீட்டு எமல்டா அக்காவின் சாய்ந்த கையெழுத்து:
'மாத முடிவில் அறை தேவைப்படுகிறது.'

கடைசிச் சொல், எட்டு எழுத்து.
யாருக்கு என்று இல்லை.

எண்ணி முடித்த பிறகுதான்
பயந்தேன்.