பதினேழு ஞாயிறு

எல்லை தாண்டி வேலைக்குப் போவது
எனக்கொன்றும் புதிதில்லை முனிரத்தினம்.
காலை ஏழு பத்துக்குப் பரதராமியில் ஏறினால்
எட்டுக்குள் சித்தூர்.
செக்போஸ்ட்டில் தக்காளி லாரிகளை மடக்குவார்கள்,
என்னை யாரும் மடக்கியதில்லை.
டிபன் டப்பாவோடு தினம் ஒரு மாநிலம் மாறி
எக்ஸ்ரே அறையின் கதவைச் சாத்திவிட்டு
"எக்கட நொப்பி?" என்று கேட்பேன்.
எங்கே வலி என்று
விரலை வைத்துத்தான் காட்டுவார்கள் எல்லோரும்.
பேச்செல்லாம் அப்புறம்தான்.

கல்யாணமாகி நான்கு வருடம்.
சேர்ந்திருந்த நாட்களை ஒரு ராத்திரி
மாவு மில் காலண்டரின் பின்பக்கம் கூட்டினேன்.
இருநூற்று முப்பத்தொன்று.
அதில் பதினாறு நாள் உனக்குக் காய்ச்சல்.
இரண்டு நாள் சண்டை,
எதற்கென்று மறந்துவிட்டது,
அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பின்னாகுரியில் குடும்பக் குவார்ட்டர்ஸ் வரிசையில்
நம் எண் நூற்றுப் பதினேழு என்றாய்.
போன வருடம் நூற்று இருபத்திரண்டு.
ஐந்து ஐந்தாகக் கழித்துப் பார்த்தேன்,
இருபத்து மூன்று வருடத்துக்குக் குறையவில்லை.
உன் பென்ஷன் அதற்கு முன்னால் வந்துவிடும்.

அப்புறம்தான் போனில் மேப்பைத் திறந்தேன்.
உன் முகாமிலிருந்து விரலை மேலே நகர்த்தினால்
ஒரு கோடு.
கோட்டுக்கு அந்தப் பக்கம் பூடான்.
கோட்டை ஒட்டியே புன்ட்ஷோலிங் என்று ஓர் ஊர்,
ஊருக்குள் ஒரு மருத்துவமனை,
அதன் எக்ஸ்ரே அறைக்கு ஆள் தேவை.
உன் கேட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம்.
சிரிப்பு வந்தது.
இந்த ஊர்க்காரிக்கு மறுபடியும் ஒரு செக்போஸ்ட்.

ஜெராக்ஸ் கடை கஜபதி கேட்டான்:
"ஃபாரின்னா துபாய்தானேக்கா?"
சம்பளத்தைச் சொன்னேன்.
"இதுக்கா அவ்ளோ தூரம்?"
உன் அம்மா எதுவும் கேட்கவில்லை.
முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தார்,
காம்பு மட்டும் மிஞ்சிய பிறகும்.

நேர்காணல் போனில்.
வீட்டுக்குள் சிக்னல் நிற்காது,
மாடியில் ஆந்திரா டவர் பிடித்துக்கொண்டு
வாருங்கள் என்று தெலுங்கில் மெசேஜ் அனுப்பும்.
தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து பேசினேன்.
இவ்வளவு தூரம் வர என்ன காரணம்
என்று கேட்டாள் அந்தப் பெண்மணி.
அனுபவம் என்று சொல்லத்தான் தயாராக இருந்தேன்.
"பஸ் வசதி" என்றேன்.
மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

நேபாளிக்கு ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன்.
எங்கே வலிக்கிறது: கஹாங் துக்ச.
துக்ச.
நம் துக்கத்துக்கு ஏதோ தூரத்துச் சொந்தமாக இருக்கும்.
மூச்சை இழு, பிடி, விடு,
மூன்றும் இன்னும் நாக்கில் நிற்கவில்லை.

ஆர்டர் வந்த அன்றே நீ கூப்பிட்டாய்.
குரலிலேயே தெரிந்தது.
யூனிட் எட்டு மாதத்தில் நகர்கிறதாம்,
எங்கே என்று சொல்லக் கூடாதாம்.
"இப்ப வந்து என்ன பண்ணப் போற?"
எட்டு மாதமென்றால் முப்பத்து நான்கு ஞாயிறு.
பாதியில் உனக்கு ட்யூட்டி.
பதினேழு.
போதும் என்று நான் சொல்லவில்லை.
பதினேழு என்றேன்.
உன் பின்னால் யாரோ விசிலடித்தார்கள்,
வைத்துவிட்டாய்.

இன்று காலை அதே ஏழு பத்து.
சித்தூர் பஸ் எனக்காக அரை நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனது.
நான் ரோட்டின் எதிர்ப்பக்கம்,
குடியாத்தம் பஸ்ஸுக்கு.
வெளிநாடு போவதற்கு
எல்லையைத் தாண்டாத பஸ்ஸில் ஏற வேண்டியிருக்கிறது.
பையில் உன் அம்மா திணித்த புளி,
இரண்டு கிலோ, கொட்டை எடுக்காதது.
ஏட்டு தடுப்புக் கட்டையைப் பிடித்தபடியே கேட்டார்:
"ஏம்மா இன்னைக்கு அந்தப் பக்கம்?
லக்கேஜ் வேற. தூரமா?"

"பக்கத்துலதாங்க" என்றேன்.